பெலிக்கன் வானொலியின் சின்ன துரை

டேனி ஜெட் கப்பலேறிய அன்றே சிரில் ஹாப்டேவுக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. சரக்குப் படகிலிருந்து கயிற்றேணியைப் பிடித்து ஏறி வந்தவன், வெள்ளைக் கால்சட்டையில் ஒரு துளி உப்புத்தண்ணீர்கூடப் படாமல் மேல்தளத்தில் வந்து நின்றான். சுற்றிலும் பார்த்துவிட்டு, தன் பெட்டியைச் சிரிலின் கையில் கொடுத்தான்.

"இதை என் ரூம்ல வெச்சிடுங்க. காலை நிகழ்ச்சி யாரு பண்றாங்க இப்ப?"

"நான்தான்."

"இனிமே நான். முதலாளி உங்ககிட்ட சொல்லலையா?"

முதலாளி மாரிஸ் கெல் சொல்லவில்லை. லண்டனில் இருந்துகொண்டு கப்பலை நடத்துகிற அவர், கசப்பான சேதி எதையும் தானாகச் சொல்வதில்லை. சிரில் பெட்டியைத் தளத்தின் மேல் போட்டுவிட்டுப் போனார். உள்ளே ஏதோ கண்ணாடி உடைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சிரிலுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஹல் நகரத்தில் கசாப்புக் கடைக்காரரின் மகன். முப்பது வயதுக்கு மேல் ஒருநாள் பொருட்காட்சி ராட்டினத்தருகே ஒலிபெருக்கியில் எலெக்ட்ரிக் கிடாரைக் கேட்டவர், கையிலிருந்த தீனியைத் தின்ன மறந்து நின்றார். அந்த வருடமே கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, விடுமுறை முகாம்களில் பாட்டுப் போடும் வேலைக்குப் போனார். அங்கிருந்து இந்தக் கப்பல். எஸ்ஸெக்ஸ் கரையிலிருந்து சட்டம் எட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டு, நாள் முழுக்க ராக் பாட்டு ஒலிபரப்பிய திருட்டு வானொலி அது. ரேடியோ பெலிக்கன் என்று பெயர். காற்றில் அவர் பெயர் டஃப் ரைடர். அவர் குரலைக் கேட்டுத்தான் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள் காலையில் பல் தேய்த்தார்கள். இப்போது அந்தப் பெண்களை வெள்ளைக் கால்சட்டைக்காரன் எடுத்துக்கொண்டான். சிரிலுக்கு மத்தியானம் கிடைத்தது. மத்தியானத்தில் கேட்பவர்கள் பல் செட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் என்பது அவர் எண்ணம்.

சாப்பாட்டு அறையில் தினமும் சண்டை. டேனி வாயைத் திறந்தாலே பணக்காரப் பள்ளிக்கூட வாடை வீசியது. சிரில் அவனைச் 'சின்ன துரை' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவன் அவரைப் 'பெருசு' என்றான்.

"பெருசு, நேத்து நீங்க போட்ட பாட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க பாட்டி செத்தப்ப போட்டாங்க."

"உங்க பாட்டிக்கு ரசனை இருந்திருக்கு. உன் வரைக்கும் வந்து சேரல."

"எல்லாப் பாட்டையும் நீங்க முழுசா ஓட விடுறீங்க. நடுவுல பேசத் தெரியல, அதான."

"பாட்டு ஓடுறப்ப பேசுறவனைக் கடல்ல தள்ளணும் துரை. பாடுறவன் தொண்டை கிழியக் கத்துறான், நீ மேல ஏறி உக்காந்து உன் சட்டைக் கலரைச் சொல்ற."

கப்பலின் கேப்டன் வீபே என்கிற டச்சுக்காரர். ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்றபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். "ரெண்டு பேரையும் தள்ளுறேன். எனக்கு உருளைக்கிழங்கு மிச்சம்," என்பார்.

ஒருநாள் சிரில், டேனியின் மேஜையில் அடுக்கியிருந்த இசைத்தட்டு உறைகளுக்குள் தட்டுகளை மாற்றி வைத்தார். மறுநாள் காலை, ஊரே ஆவலோடு காத்திருந்த புதுப் பாட்டை அறிவித்துவிட்டு டேனி ஊசியை வைத்தான். பட்டாளத்து பேண்ட் வாத்தியம் முழங்கியது. சிரில் தன் அறையில் படுத்தபடி கேட்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் டேனி பதறவில்லை. "நேயர்களே, இது நம்ம டஃப் ரைடர் கல்யாணத்துல வாசிச்சது. அவர் கல்யாணம் எந்த உலகப் போரப்போ நடந்துச்சுன்னு சரியா தெரியல," என்றான். அடுத்த சரக்குப் படகில் மூட்டை மூட்டையாய்க் கடிதங்கள் வந்தன. எல்லாரும் இவர்கள் இருவரின் சண்டையையே இன்னும் கேட்டார்கள். மாரிஸ் கெல் கம்பியில்லாத் தந்தியில் கூப்பிட்டுச் சொன்னார்: "சண்டை போடுங்க. விளம்பரக்காரங்க வரிசையில நிக்கிறாங்க. எக்காரணத்தைக் கொண்டும் ராசியாயிடாதீங்க."

"அந்தக் கவலையே வேணாம்," என்றார் சிரில்.

அந்தச் சமயத்தில்தான் கடல் வானொலிகளை மூடுவதற்கான சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் எல்லாரும் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்டார்கள். ஆப்ரி லெத்பிரிட்ஜ் என்ற உறுப்பினர் பேசினார். சட்டத்துக்காக எல்லாரைவிடவும் அதிகமாகக் கத்தியவர் அவர்தான். "இவர்கள் கடலில் மிதக்கும் சாக்கடை. நம் பிள்ளைகளின் காதில் ஊற்றுகிறார்கள்," என்றார்.

கேப்டன் சிரித்தார். டேனி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

சிரில் டிரான்சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுதான் அவர் பிழைப்பு. பாடகன் எங்கே மூச்சு விடுகிறான் என்பதைக் கேட்டே யார் பாட்டென்று சொல்லிவிடுவார். இந்த ஆள் அழுத்திச் சொல்லவேண்டிய வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன விழுங்கல் விழுங்கினார். அந்த விழுங்கலைத் தினமும் காலையில் சிரில் கேட்கிறார். டேனி ஒவ்வொரு புதுப் பாட்டையும் அறிவிப்பதற்கு முன்னால் அதைத்தான் செய்வான்.

இரவுச் சாப்பாட்டில் சிரில் உப்பு ஜாடியைக் கையில் தூக்கினார். ஆப்ரி லெத்பிரிட்ஜின் குரலில், அந்த விழுங்கலோடு, "மிதக்கும்... சாக்கடையே, உப்பைக் கொஞ்சம் தள்ளு," என்றார். கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. டேனியின் காது மடல் வெளுத்தது.

சாப்பாடு முடிந்ததும் அவன் சிரிலின் அறை வாசலில் வந்து நின்றான். கெஞ்ச வந்தவன் போலில்லை. வாடகை வசூலிக்க வந்தவன் போல நின்றான்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றான்.

"உப்பு கேட்டேன், கிடைச்சுது."

"என் நிஜப் பேரு பியர்ஸ் லெத்பிரிட்ஜ். அவர் என் அப்பா. நான் இங்க இருக்கிறது அவருக்குத் தெரியாது, கெல்லுக்குத் தெரியாது. வெளிய விட்டீங்கன்னா..."

"விட்டா?"

"விடமாட்டீங்க. உங்களுக்கு என் மேல கோபமில்ல. உங்க குரலுக்கு வயசாயிடுச்சு, அதுதான் கோபம். அதுக்கு நான் என்ன பண்றது?"

சிரில் கதவைச் சாத்தினார். கொஞ்சம் பணிவாகக் கேட்டிருந்தால், ஒருவேளை, ஒரு வாரமாவது வாயை மூடிக்கொண்டிருப்பார். இப்போது தூக்கமே வரவில்லை. வெகுநேரம் தன் குரலைத் தானே பேசிப் பேசிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பெண்கள் பல் தேய்க்கும் நேரத்தில், சிரில் ஒலிபரப்பு அறைக்குள் நுழைந்து டேனியின் தோளுக்கு மேலே குனிந்து மைக்கில் பேசினார்.

"நேயர்களே, இந்தத் தம்பியோட அப்பா யாரு தெரியுமா? நம்மளைச் சாக்கடைன்னு சொன்னாரே ஆப்ரி லெத்பிரிட்ஜ், அவரேதான். அங்க அப்பா ரேடியோவ மூடுறாரு, இங்க மகன் சம்பளம் வாங்குறான். குடும்பத்துக்கு ரெண்டு பக்கமும் வருமானம்."

காற்றில் சத்தமே இல்லை. வானொலியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. டேனியின் முகம் ஒரு கணம் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிய பையனின் முகமாக இருந்தது. சிரிலுக்கு அதைப் பார்க்க இனித்தது. பிறகு டேனி ஒரு விழுங்கல் விழுங்கினான்.

"ஆமா. அவர் என் அப்பாதான். வீட்டுல ஒரு பாட்டு கேக்க முடியாது, அதனாலதான் கடலுக்கு வந்தேன். அப்பா, காதைப் பொத்திக்கோங்க," என்றான். கையில் கிடைத்ததிலேயே கொடூரமான கிடார் பாட்டை, உள்ளதிலேயே அதிகச் சத்தத்தில் வைத்தான்.

அந்த ஒரு வாரத்தில் டேனி ஜெட் இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை ஆனான். பத்திரிகைகள் அவன் படத்தை முதல் பக்கத்தில் போட்டன. அப்பாவை எதிர்த்துக் கடலுக்குப் போன மகன் என்று பள்ளிக்கூடப் பெண்கள் அழுதார்கள். சிரிலுக்கும் தபால் வந்தது. காட்டிக்கொடுத்தவன் என்று திட்டி வந்த கடிதங்களோடு, இப்ஸ்விச்சிலிருந்து யாரோ பழைய கருவாட்டைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதன் நாற்றம் படகு போன பிறகும் அறையை விட்டுப் போகவில்லை.

"ரொம்ப நன்றி பெருசு. எங்கப்பாகூட எனக்கு இவ்வளவு நல்லது பண்ணினதில்ல," என்றான் டேனி.

சிரில் கருவாட்டை அவன் படுக்கையில் வைத்தார்.

அடுத்த சில நாளில் ஆப்ரி லெத்பிரிட்ஜே வந்துவிட்டார். வாடகைக்கு எடுத்த மீன்பிடிப் படகில், கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக, பின்னால் இரண்டு பத்திரிகைக்காரர்களோடு வந்தார். கடல் அன்று கொஞ்சம் கொந்தளிப்பாகத்தான் இருந்தது. படகு கப்பலை நெருங்குவதற்குள் அவர் முகம் பட்டாணிச் சூப்பின் நிறத்துக்கு வந்திருந்தது. ஒலிபெருக்கிக் குழாயை வாயில் வைத்து, "பியர்ஸ், நான் உத்தரவு..." என்று ஆரம்பித்தவர், அதைக் கீழே போட்டுவிட்டுப் படகின் ஓரத்தில் குனிந்தார்.

டேனி ஒலிபரப்பு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். கேப்டன் வீபேவுக்கு அரசியல்வாதியைக் கப்பலில் ஏற்ற மனமில்லை. "இங்க சாகப் போறார் அந்த ஆளு. அப்புறம் எனக்குத்தான் கேஸ்," என்றார். கடைசியில் சிரில்தான் ஏணியில் இறங்கி, அவரைக் கக்கத்தில் பிடித்து மேலே ஏற்றினார். சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து மடியில் ஒரு வாளியும் கொடுத்தார்.

வாளியிலிருந்து தலையைத் தூக்கிய ஆப்ரி லெத்பிரிட்ஜ், கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானே ரைடர்?"

"ஹாப்டே. சிரில் ஹாப்டே."

"குரலை வெச்சே கண்டுபிடிச்சேன். தினமும் கார்ல உங்க ரேடியோவக் கேக்குறேன். டிரைவரை இறங்கி நிக்கச் சொல்லிட்டுக் கேக்குறேன்."

சிரில் இதை எதிர்பார்க்கவில்லை. "மகனைக் கேக்குறீங்களா?"

"உன்னைக் கேக்குறேன்பா. அவன் குரல் எனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, வெளிய சொல்லல. அந்த பேண்ட் வாத்தியம், அப்புறம் அவனைப் போட்டு உடைச்சது. பிரமாதம். நீ அவனைப் பிழிஞ்சு எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு நம்பியிருந்தேன். இவ்வளவு நாள் இழுத்துட்டியே."

வாளியைப் பிடித்திருந்த அந்த மனிதரின் விரல்களில் முத்திரை மோதிரம் இருந்தது. சிரில் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இந்தச் சட்டம் வரத்தான் போகுது," என்று லெத்பிரிட்ஜ் தொடர்ந்தார். "வந்ததும் அரசாங்கமே ஒரு பாட்டு நிலையம் ஆரம்பிக்கும். பிள்ளைங்க வாயை அடைக்கணுமே. அதுக்கு ஆள் எடுக்கிறப்ப என் வார்த்தை எடுபடும். உன் வயசுல இன்னொரு வேலை எங்க கிடைக்கும் உனக்கு? அவன் இந்தக் கப்பல்ல இருக்க முடியாதபடி பண்ணு. எப்படிப் பண்றேங்கிறது எனக்கு வேணாம். உனக்குத்தான் அது நல்லா வருதே."

சிரில் எழுந்தார். நேரே ஒலிபரப்பு அறைக்குப் போய்க் கதவைக் காலால் உதைத்தார்.

"துரை, உங்கப்பா எனக்கு வேலை தர்றாராம். உன்னை இங்கேர்ந்து துரத்தணுமாம்."

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் டேனியின் குரல் வந்தது. "வாங்கிக்கோங்க. வாங்கலைன்னா மடத்தனம்."

"உன்னை நான் துரத்துவேன்டா. ஒருநாள் கண்டிப்பா துரத்துவேன். ஆனா அது என் சொந்தச் செலவுல. அந்த ஆளுக்குக் கூலிக்கு இல்ல. வெளிய வா, வந்து உன் அப்பனைக் கூட்டிட்டுப் போ. என் வாளியை நாறடிக்கிறாரு."

டேனி வெளியே வந்தான். மேல்தளத்தில் அப்பாவும் மகனும் காற்றில் கோட்டு படபடக்க எதிரெதிரே நின்றார்கள். கீழே படகில் இருந்த பத்திரிகைக்காரர்கள் காமிராவைத் தூக்கினார்கள்.

"உங்கம்மா உன்னால படுத்த படுக்கையா இருக்கா," என்றார் லெத்பிரிட்ஜ்.

"அம்மா டென்னிஸ் ஆடிட்டிருக்காங்க. போன வாரம் பேப்பர்ல படம் வந்துச்சு."

"உயில்லேர்ந்து உன் பேரை நான் வெட்டிடுவேன்."

"நானே வெட்டிட்டேன். நான் ஜெட்."

லெத்பிரிட்ஜ் கையை ஓங்கினார். கப்பல் ஒரு பக்கம் சரிந்தது. ஓங்கிய கையால் அவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. சிரிலும் கேப்டனும் அவரை மூட்டை இறக்குவது போல் படகில் இறக்கினார்கள். கீழே போனதும் சிரிலை அண்ணாந்து பார்த்து, "நீ வருத்தப்படுவே ஹாப்டே," என்றார்.

"இப்பவே வருத்தமாத்தான் இருக்கு சார். வாளியை யாரு கழுவுறது?"

டேனி அவர் பக்கத்தில் நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து சிரில் விலகிப் போனார். அதைக் கேட்கும் பொறுமை அவருக்கில்லை. அவனும் சொல்லவில்லை. மறுநாள் காற்றில் அவரைப் பற்றி இன்னும் மோசமாக ஒரு கிண்டல் செய்தான். அதில் மட்டும் இருவருக்கும் நிம்மதி.

ஆகஸ்டில் சட்டம் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு கப்பலில் வேலை பார்க்கும் ஒவ்வொரு ஆங்கிலேயனும் குற்றவாளி. கரையிறங்கினால் சிறை. மாரிஸ் கெல் அலுவலகத்தை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார். வேறு திருட்டு வானொலிகள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன. பெலிக்கனில் மட்டும் டேனி தினமும் மைக்கில் முழங்கினான். "நான் இறங்கமாட்டேன். கப்பல் முழுகினா ரேடியோவோட சேர்ந்து முழுகுவேன்." கரையில் பிள்ளைகள் அவன் பெயரைத் துணியில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிரில் மைக்கில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கினால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது. அதனால் தங்கிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். அதை வீரம் என்று அவர் நினைக்கவில்லை.

சட்டம் அமலாவதற்கு முந்தின நாள் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்திலிருந்து கடைசிப் படகு வந்தது. சிரில் மேல்தளத்துக்கு வந்தபோது டேனி கோட்டு போட்டு, தலை வாரி, பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். படகில் காமிராக்காரர்கள் இருந்தார்கள்.

"எங்க கிளம்பிட்டே?"

"புது நிலையத்துல காலை நிகழ்ச்சி. நேத்துதான் உறுதியாச்சு."

சிரிலுக்கு உடனே புரியவில்லை. பிறகு காமிராக்காரர்களைப் பார்த்தார். "அப்பா வாங்கிக் கொடுத்தாரா?"

"வேற யாரு வாங்கித் தருவா? அவருக்கும் லாபம்தான். திருந்தி வந்த மகன். பேப்பர்ல நல்லா இருக்கும்." டேனி கையுறையை இழுத்து மாட்டினான். "உங்ககிட்ட முதல்ல நீட்டினார் இல்ல பெருசு, அப்பவே எடுத்திருக்கணும். நான் சொன்னேன்."

"முழுகுவேன்னு சொன்னியே. அந்தப் பிள்ளைங்க..."

"அவங்களுக்கு நாளைக்கு வேற அலைவரிசை. அவ்வளவுதான். நீங்கதான் இதையெல்லாம் நிஜம்னு நினைச்சீங்க." அவன் கையை நீட்டினான். "வாங்க, கை குடுங்க. காமிரா இருக்கு."

சிரில் கையைத் தொடவில்லை. டேனி தோளைக் குலுக்கிவிட்டு ஏணியில் இறங்கினான். பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவது வழக்கம். சிரில் தானே முன்வந்து கட்டினார். படகு அலையில் விலகி, கப்பலுக்கும் அதற்கும் நடுவே பச்சைத் தண்ணீர் தெரிந்த நேரமாகப் பார்த்துக் கயிற்றை விட்டார்.

பெட்டி தண்ணீரில் அடித்துத் திறந்துகொண்டது. சட்டைகள் மிதந்தன. நிலையத்தின் முத்திரை குத்திய இசைத்தட்டுகளும் மிதந்தன. அந்தத் தட்டுகள் அத்தனையும் அவன் திருடி அடுக்கியவை.

"பைத்தியக்காரக் கிழவா," என்று டேனி படகிலிருந்து கத்தினான். அந்தக் குரலில் விழுங்கல் எதுவும் இல்லை. காமிராக்காரர்கள் எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். கேப்டன் வீபே கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டுகள் ஒவ்வொன்றாய் அமிழ்வதைப் பார்த்தபடி நின்றார். அவற்றில் இரண்டு அவருக்கு மிகவும் பிடித்தவை. வேறு பிரதி கிடையாது.

மறுநாள் காலை கப்பலில் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். டேனிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கெல் சேதி அனுப்பியிருந்தார். சிரில் மைக்கைத் திறந்தார். குரல் கரகரத்தது. சரிசெய்யவில்லை.

"டேனி ஜெட் போயிட்டான். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சம்பளத்துக்குப் போயிருக்கான். அவனைக் கேக்கணும்னா அலைவரிசையை மாத்திக்கோங்க. எனக்குக் கருவாடு அனுப்ப நினைக்கிறவங்க அனுப்பிக்கலாம், ஆனா இனிமே எனக்குத் தபால் போட்டாலும் குற்றம்தான். இங்க இருக்கிறவங்களுக்குப் பாட்டு போடுறேன். நடுவுல பேசமாட்டேன்."

ஊசியை வைத்தார். கிடார் எழுந்தது. இரண்டாவது பாட்டுக்குள் கேப்டன் கதவைத் தட்டினார்.

"சத்தத்தைக் குறை. எஞ்சின் சத்தமே எனக்குக் கேக்கல."

"முடியாது."

"கரைப் பக்கம் போலீஸ் படகு ஒண்ணு நிக்குது."

"அவங்களுக்கும் கேக்கட்டும்," என்று சொல்லி, சிரில் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்.